25 வயதுக்கு மேல் எல்லோரும் ஒரே வயதா?

“அஞ்சு கிலோமீட்டர் ஓடுததுக்கா அண்ணாச்சி, கோயம்புத்தூர் வரைக்கும் போறிய?”

வீரகேரளம்புதூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போன ஒன்று. சனிக்கிழமை காலை தோளில் பையோடு வந்து நிற்பேன். பைக்குள் ஒரு ஜோடி ஷூ, ஒரு துண்டு, நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொள்ள நான்கு ஊக்கு, வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரை. கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்பார். காசும் நேரமும் வீணாகிறதே என்கிற அக்கறையில் கேட்கிற கேள்வி அது. அதனால் சிரித்து மழுப்பிவிட்டுப் பஸ் ஏற எனக்கு மனம் வருவதில்லை. அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 51 வயது. சுரண்டையில் உட்கார்ந்தே பார்க்கிற கணக்கு வேலை. 5 கிலோமீட்டரை 28 நிமிடத்திலும் 10 கிலோமீட்டரை 58 நிமிடத்திலும் ஓடுவேன். அந்த 28 நிமிடத்துக்காகப் போக ஒரு பகல், வர ஒரு இரவு என்று பஸ்ஸில் உட்காருகிறேன். சென்னை என்றால் இன்னும் நீளம். வெள்ளிக்கிழமை மாலை தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை எண் அட்டை வாங்குவதிலேயே போய்விடும். ஞாயிறு விடிவதற்கு முன் ஓட்டம். அன்று இரவே ரயில் ஏறி, திங்கள் காலை தென்காசியில் இறங்கி, அப்படியே வேலைக்கு. பதிவுக் கட்டணம், பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 3,000 ரூபாய்க்குக் குறையாது.

ஓட இடமில்லாமல் நான் வெளியூர் போகவில்லை. எங்கள் ஊரைப் போல ஓடத் தோதான ஊர் குறைவு. சிற்றாற்றங்கரை இருக்கிறது. விடியற்காலையில் நவநீதகிருஷ்ணன் கோயில் பக்கமிருந்து கிளம்பினால், வயலும் தென்னையும் இரண்டு பக்கமும் வர, எதிரே பால்கேன் கட்டிய பைக்கைத் தவிர வேறு வண்டி வராது. மேற்கே மலை எப்போதும் கண்ணில் இருக்கும். சாரல் காலத்தில் அதன் உச்சி மேகத்துக்குள் போய்விடும். ஆனி, ஆடியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துக் கிடக்கிற நாட்களில் ஓடினால் தூரமே தெரியாது. இங்கே என் வயதில் ஓடுகிற இன்னொருவர்தான் இல்லை. என்னோடு ஓட ஒருவரை, நான் முந்தப் பார்க்கவும் என்னை முந்தப் பார்க்கவும் ஒருவரைத் தேடித்தான் இவ்வளவு தூரம் போகிறேன்.

ஓடத் தொடங்கியபோது எனக்கு 43. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனி நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒரு வருடம் நடந்தேன். பிறகு ஒருநாள், யாரும் பார்க்காத இருட்டில், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடிப் பார்த்தேன். அதற்கடுத்த கம்பம் வரை நடந்தேன். இரண்டு கம்பம் ஓடி ஒரு கம்பம் நடக்க மூன்று வாரம் ஆனது. நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடிய நாளில் எனக்கு 44 முடிந்திருந்தது. என் கதையை விடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டியவர்களில் மாத்திரை டப்பா இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். பகல் முழுக்க மடியில் தட்டை வைத்துக் குனிந்து பீடி சுற்றுகிற பெண்கள், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று இந்த வட்டாரத்தின் பாதி உழைப்பு உட்கார்ந்த இடத்தில்தான் நடக்கிறது.

உடம்புக்காக என்றால் நடந்தாலே போதுமே, போட்டி எதற்கு என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேதி குறித்த ஒரு போட்டி முன்னால் இருக்கும்போது ஓடுவதும், அது இல்லாதபோது ஓடுவதும் வேறு வேறு. மழை தூறினால், முந்தின நாள் கல்யாண வீட்டில் நேரமாகியிருந்தால், வெறும் ஆரோக்கியம் என்னை எழுப்பியதில்லை. இன்னும் ஆறு வாரத்தில் கோவையில் ஓட வேண்டும் என்கிற நினைப்பு எழுப்பியிருக்கிறது. பிள்ளைகள் படிப்பு முடித்துப் போய்விட்ட, வேலையில் இனிக் கற்றுக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லாத வயது இது. இந்த வயதில் ஒருவர் போன மாதத்தைவிட இந்த மாதம் ஒன்றைக் கொஞ்சம் நன்றாகச் செய்கிறார் என்றால், அந்த மகிழ்ச்சிக்காக எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காரலாம்.

இந்த மண்ணுக்குக் கால்நடையாகத் தூரம் போவது புதிதும் இல்லை. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது வழியில் பாடுவதற்காகத்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார் என்று எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். 1891-இல், முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்த அந்தக் கவிஞரின் சந்தம் நடக்கிற காலுக்கென்று அமைந்த சந்தம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அந்த மெட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கால் தானாக விழும். இன்றைக்கும் பச்சை உடுத்திக்கொண்டு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்களில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் எத்தனை பேர்! நூறு கிலோமீட்டருக்குக் குறையாத அந்த நடையை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வழியெல்லாம் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறார்கள். அதே மனிதர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு 5 கிலோமீட்டர் ஓடினால் மட்டும், “என்ன, வீட்டுல ஏதும் விசேசமா?” என்று நிறுத்திக் கேட்கிறார்கள்.

ஏன் குறைந்த தூரம்? முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், வேலையும் குடும்பமும் உள்ள நடுவயதுக்காரருக்கு 42.195 கிலோமீட்டர் என்பது நான்கைந்து மாதத் தயாரிப்பு. வாரக் கடைசியில் மூன்று மணி நேர ஓட்டம். முடித்த பிறகு மூட்டும் தசையும் தேறப் பல வாரம். 5 கிலோமீட்டருக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். ஞாயிறு ஓடிவிட்டுச் செவ்வாய் மறுபடி கிளம்பலாம். வருடத்துக்கு ஒருமுறை அல்ல, மாதத்துக்கு ஒருமுறை போட்டியில் நிற்கலாம். அதற்காக இது சுலபமான ஓட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 5 கிலோமீட்டரை முழு மூச்சோடு ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்த நான்காவது கிலோமீட்டர் தெரியும். நெஞ்சு தொண்டைக்கு வரும். நிறுத்திவிடலாமா என்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் மனசு கேட்கும்.

உலகம் இந்தத் தூரத்தைச் சிறியதாக நினைக்கவில்லை. 2023 அக்டோபரில் லாட்வியாவின் ரீகா நகரில் நடந்த சாலை ஓட்ட உலக சாம்பியன்ஷிப்பில் 5 கிலோமீட்டருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி 2021-இன் கடைசி நாளில் பார்சிலோனாவில் ஓடிய 12 நிமிடம் 49 விநாடி, ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கனவு. நம் பக்கத்திலேயே, பெங்களூருவில் 2008 முதல் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு உலகின் முதல்தர வீரர்கள் வருகிறார்கள். அதே சாலையில், அவர்களுக்குப் பின்னால், ஆயிரக்கணக்கில் நம்மைப் போன்றவர்கள் ஓடுகிறோம். ஆனால் தமிழ்நாட்டில் 3 கிலோமீட்டரோ 10 கிலோமீட்டரோ எதுவானாலும் ‘மினி மாரத்தான்’ என்று பேனர் கட்டுகிறோம். எனக்கு இது உறுத்துகிறது. குறும்பயணத்தை யாரும் குட்டி உலகப்பயணம் என்று சொல்வதில்லை. 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் என்கிற பெயரே போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூரிலேயே ஓட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. பொங்கல் விளையாட்டு விழாவில், கோயில் கொடையில், கட்சித் தலைவர் பிறந்தநாளில், கல்லூரி ஆண்டு விழாவில் சாலை ஓட்டம் நடக்கிறது. முன்பெல்லாம் இவற்றையே தேடித் தேடிப் போவேன். இந்த வட்டாரத்து ஊர் ஒன்றில் நடந்த ஓட்டத்தின் தொடக்கக் கோடு இப்போதும் கண்ணில் நிற்கிறது. முன் வரிசையில் நாற்பது, ஐம்பது இளைஞர்கள். எல்லோரும் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடினால்தான் இரண்டாம் நிலைக் காவலர் உடற்திறன் தேர்வில் நிற்க முடியும் என்பதால், தினமும் விடிவதற்கு முன் சாலையில் ஓடி உடம்பை இரும்பாக்கி வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால் நான். என் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, நரைத்த மீசை வைத்த பெரியவர் ஒருவர். “வயசு என்ன அண்ணாச்சி?” என்றேன். “அறுவத்தி மூணு” என்றார். விசில் அடித்தார்கள். இளைஞர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்கள். பெரியவர் என்னோடு இரண்டு கிலோமீட்டர் வந்தார், பிறகு என்னைத் தாண்டிப் போனார். கடைசி வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடினேன். அந்த 5 கிலோமீட்டரை 23 நிமிடத்தில் முடித்தார் அவர். நாங்கள் கோட்டைத் தொட்டபோது மேடையில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் நேரத்தைக் குறிக்க அங்கே ஆள் இல்லை. பெரியவர் குழாயடியில் காலைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை எந்த ஓட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

63 வயதில் 5 கிலோமீட்டரை 23 நிமிடத்தில் ஓடுவது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று அந்த மேடையில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். பயிற்சி இல்லாத உடம்பு முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் என்று உயிர்வளியை எடுத்துப் பயன்படுத்தும் திறனை இழக்கிறது. தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு அந்த இழப்பு மெதுவாக நடக்கும். நின்றுவிடாது. இதைக் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு வயதின் உச்ச வேகத்தோடு ஒப்பிட்டுச் சதவீதம் போடுகிற முறை பல ஆண்டுகளாக உலகில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நம் பெரியவர், 19 நிமிடத்தில் ஓடிய 25 வயது இளைஞரைவிட மேலே நிற்பார். கனடாவின் எட் விட்லாக் 73-ஆவது வயதில், 2004-இல், முழு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள், 2 மணி 54 நிமிடத்தில் ஓடினார். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியே பயிற்சி எடுத்தவர் அவர். வயதுப் பிரிவு என்று ஒன்று இருந்ததால்தான் அந்த ஓட்டம் உலகத்துக்குத் தெரிந்தது.

உலக மூத்தோர் தடகள அமைப்பு 1977 முதல் செயல்படுகிறது. அங்கே 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டாகப் பிரிவுகள். 35 முதல் 39, 40 முதல் 44 என்று நூறு வயதையும் தாண்டிப் போகும். நம் மாநிலத்திலும் மூத்தோர் தடகளப் போட்டிகள் இந்த முறையில்தான் நடக்கின்றன. ஆக, இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. மைதானத்துக்குள் இருக்கிற இந்த முறை எங்கள் ஊர்ச் சாலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணா பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டம் நடத்துகிறது. மிக நல்ல காரியம். கட்டணம் கிடையாது. தென்காசி போன்ற, 2019 நவம்பரில்தான் பிறந்த இளம் மாவட்டத்துக்கும் அது வந்து சேர்கிறது. முதல் பரிசு 5,000, அடுத்து 3,000, 2,000, நான்காம் இடம் முதல் பத்தாம் இடம் வரை ஆளுக்கு 1,000 என்று 2023-இல் அறிவித்தார்கள். பத்தாவதாக வருகிறவரையும் நினைத்த அந்த மனசைப் பாராட்டுகிறேன். பிரிவுகள் என்று பார்த்தால் இரண்டுதான்: 17 முதல் 25 வரை ஒன்று, 25-க்கு மேல் மற்றொன்று. 25-க்கு மேல் என்றால் 26 வயதுக் காளையும் 63 வயதுப் பெரியவரும் ஒரே பிரிவு. முதலமைச்சர் கோப்பையில் பொதுமக்கள் பிரிவு 15 வயதில் தொடங்கி 35-இல் முடிந்துவிடுகிறது. அரசு ஊழியர் என்றால் தனிப் பிரிவு உண்டு. 36 வயதான பீடித் தொழிலாளிக்கும் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் அங்கே இடமில்லை.

யாரும் வேண்டுமென்று எங்களை ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. விளையாட்டு என்றால் இளைஞர், நடுவயது என்றால் நடைப்பயிற்சி என்று ஒரு கோடு நம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. விதிமுறை எழுதியவரும் நம்மில் ஒருவர்தான். அந்தக் கோட்டை அழிக்கச் செலவு கிடையாது. இப்போது பத்துப் பேருக்குக் கொடுக்கிற அதே தொகையை 26–34, 35–44, 45–54, 55-க்கு மேல் என்று பிரித்துக் கொடுங்கள். பரிசுத்தொகை பாதியானாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எனக்குப் பணமே வேண்டாம், ‘45–54 பிரிவில் 7-ஆவது’ என்று ஒரு தாள் போதும். ஒரு பெருநகர ஓட்டத்தில் என் வயதுப் பிரிவில் 61-ஆவது இடம் என்று வந்த செய்தியை இன்னும் அழிக்காமல் போனில் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் 48-ஆவது. அந்த 13 பேரைத் தாண்ட ஒரு வருடம் ஆனது.

பெண்கள் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். அண்ணா ஓட்டத்தில் 25-க்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. ஒலிம்பிக்கில் 1928-இல் பெண்கள் 800 மீட்டர் ஓடியதைப் பார்த்துப் பதறி, 1960 வரை அந்தத் தூரத்தையே எடுத்துவிட்டார்கள். பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. பெண் உடம்பு தாங்காது என்கிற அந்தப் பழைய பயத்தின் மிச்சம் நம் அறிவிப்புகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் விடியற்காலை நடக்கிற அக்காமார் நான்கைந்து பேர் உண்டு. சேலையும் ரப்பர் செருப்புமாக, பேசிக்கொண்டே, என்னைவிட அதிக நேரம் நடப்பார்கள். அவர்களில் பீடி சுற்றுகிற ஒருவர், நான் ஓடி வருவதைப் பார்த்து, “இந்தப் போட்டியெல்லாம் எங்களுக்கும் உண்டா தம்பி?” என்று கேட்டார். உண்டு என்று சொல்ல வாய் வந்தது. 26 வயதுப் பெண்களோடு நிற்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்தது, தூரத்தின் நேர்மை. வெளியூர் ஒன்றில் ‘10 கிலோமீட்டர்’ ஓட்டத்தை நான் 49 நிமிடத்தில் முடித்தேன். என் வழக்கமான நேரத்தைவிட ஒன்பது நிமிடம் குறைவு. கொண்டாட்டத்தில் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பிறகுதான் கூட ஓடியவர்களின் கைக்கடிகாரங்களைப் பார்த்தோம். எல்லாமே எட்டரைக்குப் பக்கத்தில் காட்டின. யாரோ பைக்கில் போய்க் குத்துமதிப்பாக அளந்திருக்கிறார்கள். சான்றிதழில் 10 என்றே இருந்தது. அந்தச் சான்றிதழை நான் எடுத்துவைக்கவில்லை. நடுவயதில் ஓடுகிறவர் போட்டி போடுவது பெரும்பாலும் போன வருடத்துத் தன்னோடுதான். அளவு பொய்யானால் அவருக்குப் போட்டியே இல்லாமல் போகிறது.

சாலையைச் சரியாக அளக்க உலகம் பயன்படுத்துகிற கருவி சைக்கிள். முன்சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் ஒரு சிறு எண்ணியை அதில் பொருத்துவார்கள். இரும்பு நாடாவால் அளந்த ஒரு தூரத்தில் முதலில் சைக்கிளை ஓட்டி, ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்வார்கள். பிறகு, ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறைந்த தூரப் பாதையில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டிப் போவார்கள். கடைசியில் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். தூரம் ஒரு முழம் கூடலாம், அரை முழம்கூடக் குறையக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. சைக்கிள் இல்லாத தெரு தென்காசி மாவட்டத்தில் உண்டா?

காற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து ஓட்டம் என்றால் பாதி காற்றோடுதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆனியில் தொடங்கினால் ஆவணி வரை அடங்காது. இந்தப் பகுதியில் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அவை எல்லாம் மேற்கே முகம் காட்டிச் சுழல்கிற மாதங்களில், மேற்கே பார்த்து ஓடினால் நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். திரும்பி ஓடும்போது அதே கை முதுகுக்கு வந்துவிடும். ஓட்டம் அமைப்பவர்கள் முதல் பாதியை எதிர்காற்றில் வைத்துவிட்டால், களைத்த பிறகு காற்று உதவும். வயதானவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஓட்டம் முடிந்து தென்காசியிலிருந்து ஒரு பஸ் பிடித்துக் குற்றாலம் போய், கூட்டம் வருவதற்கு முன் பேரருவியில் நின்று காலை நீட்டினால் அந்த வாரத்துக்கான வலி தண்ணீரோடு போய்விடும். இப்படி ஒரு ஊரை வைத்துக்கொண்டு நாங்கள் ஓடுவதற்கு வேறு ஊர் போகிறோம். வேறு ஊர்க்காரர்கள் சாரலில் ஓட எங்களிடம் வர வேண்டும்.

ஓட்டம் நடத்தப் பெரும் பணம் வேண்டும் என்பதும் சரியில்லை. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். பால் சின்டன்-ஹூயிட் என்பவர் தொடங்கியது. கட்டணம் இல்லை, பரிசு இல்லை. எல்லோர் நேரத்தையும் குறித்துப் பட்டியல் வெளியிட்டார்கள். இன்று ‘பார்க்ரன்’ என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. பட்டியலில் வயதுக்கேற்ற சதவீதமும் உண்டு. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் மலேசியாவிலும் நம் தமிழர்களும் அதில் ஓடுகிறார்கள். கடிகாரம் பிடிக்க ஒருவர், எண் கொடுக்க ஒருவர், திருப்பத்தில் நிற்க ஒருவர் இருந்தால் நடந்துவிடுகிறது.

நம்மிடம் அடித்தளமும் இருக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்று என 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே மருத்துவ முகாமும் உண்டு. அந்தத் திட்டம் வந்த காலத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தவர். அதே முதல் ஞாயிறு, அதே பாதையில், சரியாக அளந்த ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்தை வயதுப் பிரிவோடு வைக்கலாம். முகாமில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஓடலாம். நாற்பதைத் தாண்டி முதல்முறை ஓடுகிறவர் டாக்டரைப் பார்க்காமல் வேகமெடுக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். மருத்துவரும் செவிலியரும் பத்தடியில் இருக்கிற இடத்தைவிட அதற்குப் பாதுகாப்பான இடம் ஏது? மாவட்டத் தலைநகரோடு நிற்காமல், தென்காசி மாவட்டத்தின் எட்டுத் தாலுகாக்களுக்கும் இப்படி ஒரு பாதை வந்தால், ஓடுவதற்காக நான் ஏறுகிற பஸ் சங்கரன்கோவில் பஸ்ஸாகவும் செங்கோட்டை பஸ்ஸாகவும் இருக்கும். அங்கே ஓடுகிற 51 வயதுக்காரர் அடுத்த மாதம் இங்கே வருவார்.

அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் மனம் இல்லை. போன மாதம் காவலர் தேர்வுக்குத் தயாராகும் இரண்டு தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு எங்கள் ஊர்ச் சாலையை அளந்தோம். எண்ணி இல்லை. என் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தில், காற்றடிக்கும் வாய்க்கு நேராக டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம். கொத்தனாரிடம் 30 மீட்டர் இரும்பு நாடா இரவல் வாங்கினோம். நூறு சுற்றுக்கு 219 மீட்டர் 40 சென்டிமீட்டர் வந்தது. 5 கிலோமீட்டரோடு அந்தக் கூடுதல் 5 மீட்டரையும் சேர்த்தால் 2,281 சுற்று. போய்த் திரும்புகிற பாதை என்பதால் அதில் பாதி. ஒரு தம்பி சைக்கிளைத் தள்ள, ஒருவர் எண்ண, நான் நூறுக்கு ஒரு கல்லைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே நடந்தேன். எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஒருமுறை தொடங்க வேண்டியிருந்தது. 1,140-ஐத் தாண்டி அரைச் சுற்றில், ஒரு புளியமரத்துக்கு எதிரே, சாலை ஓரத்தில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டிருக்கிறோம்.

எங்களுக்கும் உண்டா என்று கேட்ட அக்காவிடம் சொல்லியாயிற்று. 35–44, 45–54, 55-க்கு மேல் என்று மூன்று நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரருக்கு 48 வயது. வருகிற ஞாயிறு கடையை ஏழு மணிக்குத் திறந்தால் போதாதா என்று அவரிடமும் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார்.